உதட்டுக்கு எது நல்லது: ஜெல்லியா, குச்சியா, பட்டரா, குளிர்ச்சியா?

அலங்காரப் பொருள்களில் லிப் பாம் அளவுக்குக் குறைந்த உழைப்பில் இதம் தருவது வேறில்லை. மூடியைத் திறந்து, ஒரு தீற்று தீற்றி, உதடுகளை ஒன்றோடொன்று உரசினால் முடிந்தது. கண்ணாடிகூட வேண்டாம். ஆனால் பூசிய நொடியில் கிடைக்கும் சுகம் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து உதடு இருக்கும் நிலை இன்னொன்று. கடையில் வாங்கும்போது நாம் முதலாவதை மட்டும் முகர்ந்து பார்த்து எடுக்கிறோம். இந்த அலசல் இரண்டையும் தனித்தனியே எடைபோடுகிறது.

உதட்டின் சிவந்த பகுதியில் வியர்வைச் சுரப்பி கிடையாது. எண்ணெய்ச் சுரப்பியும் பலருக்கு இருக்காது, இருந்தாலும் சொற்பம். மேல்தோல் மெல்லியது, வெயிலைத் தாங்கும் நிறமியும் குறைவு. அதனால் கன்னம் காய்வதற்கு முன்பே உதடு காய்ந்துவிடுகிறது. லிப் பாமின் வேலை மூன்று: உள்ளிருக்கும் ஈரம் போகாமல் மூடுவது, தோல் செதில்களின் இடுக்கை நிரப்பி மென்மையாக்குவது, ஈரத்தைப் பிடித்து வைப்பது. ஒரே பொருள் இந்த மூன்றையும் ஒரே அளவில் செய்வது அரிது.

பெட்ரோலியம் ஜெல்லியும் மெழுகுக் குச்சியும்

ராபர்ட் செஸ்ப்ரோ 1872-இல் காப்புரிமை பெற்று வாஸ்லின் என்று பெயரிட்ட அதே பெட்ரோலியம் ஜெல்லி, ஈரத்தை மூடி வைக்கும் வேலையில் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. அதில் நீர் இல்லை, தாவர எண்ணெய் இல்லை. அதனால் சிக்குவாடை அடிக்காது. வாசனை சேர்க்காத வகையில் ஒவ்வாமை மிக அரிது. வெடித்த உதட்டிலும் எரியாது.

குறை என்னவென்றால், அது தானாக ஈரம் கொடுக்காது, இருப்பதைக் காப்பாற்றும், அவ்வளவுதான். காய்ந்த உதட்டின் மேல் தடவினால் காய்ந்த நிலையைத்தான் மூடி வைத்ததாக ஆகும். “போட்டும் பலனில்லை” என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுவே. சரியான முறை: உதட்டைத் தண்ணீரில் நனைத்து, துண்டால் ஒற்றி (தேய்க்காமல்), ஈரப்பதம் இருக்கும்போதே ஓர் அரிசிமணி அளவு எடுத்து இரண்டு உதடுகளிலும் பரப்ப வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் வழிந்து மோவாயில்தான் சேரும். பகலில் இது நிற்காது; ஒரு குவளை ஏதாவது குடித்தாலே பாதி போய்விடும். இரவுக்கு ஏற்றது.

குச்சியின் முதுகெலும்பு மெழுகு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். தாவர மெழுகுகளான கேண்டலில்லா 70 டிகிரியை ஒட்டியும், கார்னாபா 80 டிகிரியைத் தாண்டியும் உருகும். உதட்டின் சூட்டில் இவை எதுவும் உருகாது. உரசலில் மேற்பரப்பு இளகி ஒரு படலமாக ஒட்டுகிறது. அதனால்தான் குச்சி ஜெல்லியைவிட நீண்ட நேரம் தங்குகிறது. விரல் படாததால் சுத்தமாகவும் இருக்கிறது. குளிர் நாளில் மட்டும் அது கெட்டிப்பட்டு, உரிந்து நிற்கும் தோலை இழுக்கும். பூசுவதற்கு முன் மூடியோடு உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. திருகும்போது 2 மில்லிமீட்டர் மேலே வந்தால் போதும். அரை அங்குலம் நீட்டிப் பூசுபவர்களின் குச்சிதான் அடியோடு ஒடிந்து மூடிக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

இந்த இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் தீர்ப்பு எளிது. பகலில் அடிக்கடி பேசுபவர், வெளியில் அலைபவர் குச்சியை எடுக்கலாம். உதடு ஏற்கெனவே வெடித்திருந்தால் ஜெல்லி.

கோகோ பட்டர், ஷியா பட்டர், லானோலின்

சுகம் என்ற அளவுகோலில் கோகோ பட்டரை மிஞ்ச எதுவும் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. அது 34 முதல் 38 டிகிரியில் உருகும். உடல் சூட்டை ஒட்டிய அளவு. டப்பியில் கல்போல் இருப்பது உதட்டைத் தொட்டதும் குழைந்து இறங்கும். சாக்லேட் நாக்கில் கரைவதும் இதே கொழுப்பினால்தான். வாசனை நீக்காத கோகோ பட்டரில் சாக்லேட் மணம் இயல்பாகவே உண்டு, தனியாக வாசனைப் பொருள் தேவையில்லை. எரிச்சல் இல்லாமல் இவ்வளவு இதம் தருவதால், தினமும் தனக்கென்று ஒரு சின்ன இன்பம் வேண்டும் என்பவருக்கு முதலில் இதைத்தான் சொல்வோம்.

ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பான ஷியா பட்டர் இன்னும் மென்மை, கொஞ்சம் வெண்ணெய்த்தன்மை. ஆனால் வெயிலில் உருகி, பிறகு மெதுவாக ஆறினால் அதில் ரவை ரவையாகக் கட்டி விழும். கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப் போட வேண்டாம். அதிலுள்ள ஸ்டியரிக் அமிலம் மிகுந்த பகுதி முதலில் பிரிந்து உறைவதால் வருவது அது. டப்பியைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, ஒரு கட்டிகூட மிச்சமில்லாமல் தெளிந்து உருகும் வரை விட்டு, உடனே குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்தால் மீண்டும் வழவழப்பாகிவிடும். பிளாஸ்டிக் டப்பி என்றால் உள்ளிருப்பதைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுச் சூடாக்க வேண்டும்.

லானோலின் ஆட்டுரோமத்தில் இருந்து எடுப்பது. தன் எடையைப் போல இரண்டு மடங்கு நீரை உள்ளே பிடித்து வைக்கும் திறன் அதற்கு உண்டு. மூடுவது, மென்மையாக்குவது, ஈரம் பிடிப்பது மூன்றையும் ஓரளவு சேர்த்துச் செய்யும் அரிதான பொருள். பிசுபிசுப்பு அதிகம், முடி ஒட்டும், லேசான ரோம வாசனை வரும். சிலருக்கு ஒவ்வாது. மகிழ்ச்சிக்காக யாரும் லானோலினைத் தேட மாட்டார்கள், ஆனால் குளிர்காற்றில் உரிந்துபோன உதட்டுக்கு இரவில் போட்டால் காலையில் வித்தியாசம் தெரியும்.

குளிர்ச்சி தரும் பாம்கள்

மெந்தால், கற்பூரம், புதினா எண்ணெய் சேர்ந்த பாம்களுக்கு விசுவாசிகள் அதிகம். பூசியதும் ஜில்லென்று ஏறும் அந்த உணர்வை “வேலை செய்கிறது” என்று நாம் வாசித்துக்கொள்கிறோம். உண்மையில் உதட்டின் வெப்பநிலை குறைவதில்லை. குளிரை உணரும் நரம்பு ஏற்பியான டிஆர்பிஎம்8-ஐ மெந்தால் தூண்டிவிடுகிறது, மூளை அதைக் குளிர் என்று படிக்கிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படாபூடியன் இருவரும் தனித்தனியே மெந்தாலைப் பயன்படுத்தித்தான் இந்த ஏற்பியை அடையாளம் கண்டார்கள். வெப்பத்தையும் தொடுதலையும் உணரும் ஏற்பிகள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 2021-இல் அவர்களுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

நலமான உதட்டில் இந்த விளையாட்டால் பெரிய கேடில்லை. வெடித்த உதட்டில் கதை வேறு. மெந்தாலும் கற்பூரமும் எரிச்சலூட்டும், எரிந்தால் நாக்கு தானாக உதட்டுக்குப் போகும், எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோகும், மறுபடியும் பாம் தேவைப்படும். “லிப் பாம் போட்டுப் போட்டுப் பழக்கமாகிவிட்டது, விட்டால் காய்கிறது” என்ற புகாருக்குப் பின்னால் அடிக்கடி இந்தச் சுழல்தான் இருக்கிறது. லிப் பாமில் உடலை அடிமையாக்கும் பொருள் ஏதும் இல்லை. மணமும் குளிர்ச்சியும் இல்லாத வெறும் ஜெல்லிக்கு இரண்டு வாரம் மாறிப் பார்த்தால் காரணம் எதுவென்று புரிந்துவிடும்.

உதட்டைத் தடிப்பாகக் காட்டும் பிளம்பர்களும் இதே குடும்பம். மிளகாயின் கேப்சைசினோ இலவங்கப்பட்டையின் காரமோ தோலை லேசாகப் புண்படுத்தி ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. அந்த வீக்கம் கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். ஒரு விழாவுக்கு, ஒரு புகைப்படத்துக்குப் போடலாம். தினமும் வேண்டாம்.

இரவு மாஸ்க், லிப் ஆயில், நிறம் தரும் பாம்

இரவு மாஸ்க் என்று வருவனவற்றில் பல, மூடும் கொழுப்போடு கிளிசரினோ ஹயலுரானிக் அமிலமோ சேர்த்தவை. இவை நீரை ஈர்க்கும். காற்று வறண்ட இடத்தில், மேலே மூடுபொருள் இல்லாமல் இவற்றை மட்டும் பூசினால் தோலின் உள்ளிருந்தே நீரை இழுத்துக் காற்றில் விடும் வாய்ப்பு உண்டு. பொருள்பட்டியலைப் பார்த்தால் தெரியும்: அளவில் அதிகமானது முதலில் வரும் என்பது பொது விதி, 1 சதவீதத்துக்குக் குறைந்தவை மட்டும் எந்த வரிசையிலும் இருக்கலாம். முதல் நான்கைந்து பெயர்களில் பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லியின் இன்னொரு பெயர்), ஷியா, மெழுகு போன்ற ஒன்று இருந்தால் அது தனியாக நிற்கும். இல்லையென்றால் மேலே ஒரு மெல்லிய ஜெல்லிப் பூச்சு கொடுத்துவிடுங்கள். ஒரு துளி கிளிசரின் சீரமும் அதன்மேல் ஜெல்லியும் போட்டால் பல மாஸ்க்குகள் செய்யும் வேலை நடந்துவிடும்; பழ வாசனையும் அழகிய டப்பியும் வேண்டும் என்பவர் மாஸ்க்கையே வாங்கட்டும், அந்த ஆசையில் தவறில்லை.

லிப் ஆயில் பார்க்க அழகு. பளபளப்பு, வழவழப்பு, கண்ணாடி போன்ற மினுக்கம். ஆனால் மெழுகு இல்லாததால் சீக்கிரம் வழிந்துவிடும், தலைமுடி வந்து ஒட்டும். பராமரிப்பாக எண்ணாமல், லிப் கிளாஸ் என்ற மினுக்குப் பூச்சின் மென்மையான உறவாக எண்ணி வாங்கினால் ஏமாற்றம் இராது.

நிறம் மாறும் பாம்களில் “உங்கள் தோலுக்கேற்ற தனி நிறம்” என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். நீரில்லாத மெழுகுக்குள் நிறமற்று இருக்கும் ஒரு சாயம், உதட்டின் ஈரமும் அமில-கார அளவும் பட்டதும் இளஞ்சிவப்பாகிறது. ஆளுக்கு ஆள் வேறுபடுவது பெரும்பாலும் அடியில் இருக்கும் உதட்டு நிறம்தான். சாயம் தோலில் பற்றிக்கொள்வதால் நீண்ட நேரம் நிற்கும், காய்ந்த செதில்களில் திட்டுத்திட்டாகவும் பிடிக்கும். அடியில் சாதாரண பாம் பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுத்த பிறகு போட்டால் சீராக வரும். காய்ந்து ஒட்டும் மேட் லிப்ஸ்டிக்குக்கும் இதே முன்வேலை. ஒற்றி எடுக்காமல் எண்ணெய்ப் பசையின் மேல் போட்டால் அந்தப் படலம் ஒரு மணி நேரத்தில் பொருக்காக உதிரும்.

வெளியில் நேரம் கழிப்பவருக்கு மேலே சொன்ன எதைவிடவும் வெயில் காப்பு அளவான எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள குச்சிதான் முக்கியம். வெயில் நேராக விழுவது கீழுதட்டில். உதட்டுப் புற்றும் அங்கேதான் அதிகம் வருகிறது. ஜெல்லிக்கும் பட்டருக்கும் வெயில் காப்பு என்று சொல்லத்தக்க திறன் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், சாப்பிட்ட பிறகும் மறுபடி பூச வேண்டும்.

வாங்குவதா, செய்வதா

வெயில் காப்புப் பாமை வீட்டில் செய்ய முயலவே கூடாது. காப்புப் பொருள் சீராகக் கலந்ததா என்று அளக்க வீட்டில் வழியில்லை. மற்றபடி சாதாரண பாம் வீட்டில் நன்றாகவே வரும்.

20 கிராமுக்கு: தேன்மெழுகு 5 கிராம், கோகோ அல்லது ஷியா பட்டர் 5 கிராம், எண்ணெய் 10 கிராம். இது குச்சிக்கு. டப்பியில் விரலால் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மெழுகை 3 கிராமாகக் குறைத்து எண்ணெயை 12 ஆக்கலாம். எண்ணெய்களில் ஹோஹோபா எளிதில் கெடாது, பாதாம் எண்ணெய் அதைவிடச் சீக்கிரம் சிக்கு வாசனை அடிக்கும். சமையல் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும்.

மெழுகை முதலில் கொதிநீருக்குள் வைத்த உலர்ந்த பாத்திரத்தில் உருக்கி, எண்ணெய் சேர்த்து, பட்டரைக் கடைசியில் போட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கியதும் வைட்டமின் ஈ 2 துளி. அது எண்ணெய் சிக்குப்பிடிப்பதைத் தள்ளிப்போடும், கிருமியைத் தடுக்காது. அதனால் பாத்திரம், கரண்டி, பாமை ஊற்றப்போகும் குச்சிக் குழாய் எதிலும் ஒரு சொட்டு நீர் இருக்கக் கூடாது. தேன், பன்னீர் இரண்டும் எண்ணெயோடு கலக்காமல் அடியில் தங்கிவிடும். நீர் சேர்ந்தால் பூஞ்சைக்கும் வழி திறக்கும். ஊற்றும் முன் ஒரு குளிர்ந்த கரண்டியில் சொட்டு விட்டுப் பாருங்கள். கெட்டியாக இழுத்தால் 1 கிராம் எண்ணெய், கூழாக இருந்தால் அரை கிராம் மெழுகு சேர்த்து மறுபடி உருக்கலாம். குழாயின் நடுவில் குழி விழுவது ஆறும்போது சுருங்குவதால். முக்கால்வாசி ஊற்றி, ஓரம் வெளுத்ததும் மீதியை நிரப்பினால் மேல் சமமாகும். மணத்துக்கு எலுமிச்சை, பெர்கமாட் போன்ற தோல் பிழிந்த எண்ணெய்களைச் சேர்க்காதீர்கள். அவற்றிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும்.

இயற்கையானது என்பதால் மட்டும் ஒவ்வாமை வராது என்று இல்லை. தேன்மெழுகோடு வரும் தேனீப் பிசினான புரோபோலிஸ், விளக்கெண்ணெயிலுள்ள ரிசினோலெயிக் அமிலம், வாசனைப் பொருள்கள், சில வெயில் காப்பு வேதிப்பொருள்கள் எல்லாம் உதட்டில் ஒவ்வாமை தருவனவாக அறியப்பட்டவை. புதிய பாமை முழங்கை உள்மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். சிவப்போ அரிப்போ வந்தால் உதட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். வைரஸ் கொப்புளம் இருக்கும்போது குச்சியை நேராகத் தேய்க்காமல் பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பூசி, அந்தப் பஞ்சை எறிந்துவிடுங்கள். பாமை யாரோடும் பகிர வேண்டாம். வாய் ஓரங்களில் மட்டும் வெடிப்பு விழுந்து ஆறாமல் இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை அல்லது பாக்டீரியாத் தொற்று, எந்தப் பாமும் தீர்க்காது. கீழுதட்டில் ஒரே இடம் வாரக்கணக்கில் பொருக்கு கட்டி உரிந்துகொண்டே இருந்தாலும் பாமை மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.