பேரம் பேசாத பார்ட்டி வந்தால் உஷார்: வீடு விற்கப் போய் 47,200 ரூபாய் போச்சு

47,200 ரூபாய். வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மதுரையில் எங்கள் வீடு ஒன்று, விலை 72 லட்சம். சொத்து விளம்பரத் தளம் ஒன்றில் போட்ட அன்று சாயங்காலமே, விற்றுக் கொடுப்பதாகச் சொல்லும் ஒரு கம்பெனியிலிருந்து போன். "பார்ட்டி ரெடி சார், மஸ்கட்ல இருக்கார்." பார்ட்டி வீட்டை வந்து பார்க்கவில்லை. தண்ணீர் உப்பா, ரோடு எத்தனை அடி, எதுவும் கேட்கவில்லை. நம்மூரில் நிஜமாகவே வாங்க வருகிறவர் மோட்டாரைப் போடச் சொல்வார், மொட்டை மாடியேறி ஓதம் தேடுவார், செருப்பு மாட்டும்போது "65-க்கு முடிங்க" என்பார். இந்த ஆளோ நாங்கள் சொன்ன விலைக்கே சரி என்றார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும்.

நம்ப வைத்தது ஒரு ஸ்கிரீன்ஷாட். ஞாயிற்றுக்கிழமை மதியம், அட்வான்ஸ் 5 லட்சம் ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகையை பேங்க் மூலம் அனுப்பும் வழி) போட்டாயிற்று என்று வாட்ஸ்ஆப்பில் வந்தது. பெயர், இனிஷியல், கணக்கின் கடைசி நாலு நம்பர், எல்லாம் அச்சு அசல். நாம் கொடுத்த விவரம்தானே, எப்படித் தப்பாகும்! "இன்னைக்கு பேங்க் லீவு, திங்கட்கிழமை ஏறிடும் சார்." பச்சைப் பொய். 2020 டிசம்பரிலிருந்து ஆர்டிஜிஎஸ் ஞாயிறு, பண்டிகை பாராமல் 24 மணி நேரமும் ஓடுகிறது. நிஜமாகப் போட்டிருந்தால் அன்றைக்கே கணக்கில் ஏறியிருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த யுடிஆர் நம்பரை, அதாவது பணம் அனுப்பியதற்கான அடையாள எண்ணை, அப்புறம் எண்ணிப் பார்த்தால் 12 இலக்கம். ஆர்டிஜிஎஸ்ஸுக்கு 22 எழுத்து வரும், பணம் அனுப்பும் இன்னொரு வழியான நெஃப்ட்டுக்கு 16. 12 இலக்கம் வருவது உடனடியாகப் பணம் போகும் ஐஎம்பிஎஸ், யுபிஐக்கு. எண்ண அரை நிமிஷம் ஆகியிருக்காது.

5 லட்சம் வழியில் இருக்கிறது என்ற நினைப்பில் இருக்கும்போதே அடுத்த போன்: "பையருக்கு பேங்க் லோன் சார். லீகல், வேல்யூவேஷனுக்கு செல்லர் சைடு சார்ஜ் 40,000, ஜிஎஸ்டி 7,200. பத்திரம் முடியற அன்னைக்கு ரிட்டர்ன்." கூடவே சீல் வைத்த இன்வாய்ஸ். யுபிஐயில் 47,200 போனது.

வாங்குபவர் லோன் போட்டால் அந்த லோனுக்கான செலவெல்லாம் அவர் தலையில்தான். விற்பவர் பேங்குக்கு ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. வேல்யூயர் என்பவர் வீட்டுக்கு வந்து டேப் பிடித்து அளப்பார், நாலு எல்லையும் பத்திரத்தோடு ஒத்துப் பார்ப்பார், போட்டோ எடுப்பார். ஒருத்தரும் வாசல் மிதிக்காமல் என்ன வேல்யூவேஷன்? இன்வாய்ஸில் இருந்த ஜிஎஸ்டி நம்பரும் 14 எழுத்துதான். இருக்க வேண்டியது 15. யுபிஐயில் காட்டிய பெயர் கம்பெனி பெயரே இல்லை, யாரோ ஒரு தனி ஆள்.

திங்கட்கிழமை கேட்டால் சர்வர் டவுன். மறுநாள் ஃபைல் லீகல் டீமில். புதன்கிழமை, "மேனேஜர் லீவு, இன்னொரு 18,000 கட்டுனா என்ஓசி வந்துரும்." என்ஓசி என்றால் ஆட்சேபணை இல்லை என்ற சான்று. அதன்பின் ஒரே ரிங்கில் கட். விளம்பரத் தளத்துக்காரர்கள், "விளம்பரம் போட இடம் கொடுக்கறதோட எங்க வேலை முடிஞ்சுது" என்று கை விரித்தார்கள். பேங்கில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீங்களே பின் போட்டு அனுப்பினது சார்." சைபர் மோசடிக்கான 1930 எண்ணில் புகார் பதிந்தாயிற்று, ஆனால் நாலு நாள் கழித்து. பணம் கை மாறுவதற்குள் கூப்பிட்டால்தான் அதை முடக்க நல்ல வாய்ப்பு உண்டு. 47,200 ரூபாய்க்கு இப்போது கையில் இருப்பது ஒரு புகார் எண்.

விவரமாக யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: அட்வான்ஸ் வந்ததா என்று உங்கள் பேங்க் கணக்கில் பாருங்கள், அவன் அனுப்பும் படத்தில் இல்லை. பணம் வாங்க க்யூஆர் ஸ்கேன் செய்யவோ பின் போடவோ தேவையே இல்லை. வீட்டு விலை 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 1 சதவீத டிடிஎஸ்ஸை (விலையிலிருந்து பிடிக்கும் வருமான வரி) வாங்குபவர்தான் பிடித்துக் கட்டுவார். உங்களை முன்பணமாகக் கட்டச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும், அதுவும் வாங்கின உங்கள் மேல். முழுப் பணமும் வராமல் பவர் (உங்கள் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். பத்திர நகல் கொடுத்தால் யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

நாங்கள் எழுதாமல் கொடுத்துவிட்டோம். தாய்ப்பத்திர ஜெராக்ஸும் ஆதாரும் இன்னும் அவர்களிடம்தான். பதிவுத்துறை தளத்தில் வாராவாரம் சொந்த வீட்டுக்கே வில்லங்கம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.