பாஷாணம் முதல் மரமஞ்சள் வரை: கீமோவுக்கு மசியாத புற்றுநோயிடம் எது எடுபடும்?

மருந்துக்குக் கட்டுப்படாத புற்றுநோய் செல்லைச் சீனப் பாரம்பரிய மருந்துகள் வழிக்குக் கொண்டுவரும் என்று ஆய்வுக் கட்டுரைகள் வந்தபடி இருக்கின்றன. அவற்றின் பட்டியல்களில் எல்லா மூலிகையும் ஒரே தரம் போலத்தான் தெரியும். நோயாளியின் உடம்பில் நிரூபித்தது எது, ஆய்வகத்தோடு நின்றது எது என்று பிரித்தால் கதையே வேறு.

முதலிடம் ஆர்சனிக் ட்ரையாக்சைடுக்கு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சித்த மருத்துவத்தில் வெள்ளைப் பாஷாணம் என்பார்களே, அதேதான். 1970களில் சீனாவின் ஹார்பின் நகரில் மருத்துவர் சாங் டிங்டோங் குழுவினர் ஒரு நாட்டு வைத்தியக் கலவையை ஆராய்ந்தார்கள். பாஷாணம், பாதரச உப்பு, தேரை விஷம் மூன்றும் சேர்ந்த கலவை அது. ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில், பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்தது, தேரை விஷம் ரத்த அழுத்தத்தை ஏற்றியது. வேலை செய்தது பாஷாணம்தான்.

அது நன்றாகக் கேட்பது அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயில். இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்வதால் உருவாகும் பிஎம்எல்-ராரா என்ற புரதம்தான் அங்கே வில்லன். இந்நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் ஏடிஆர்ஏ மாத்திரை அதன் ராரா பக்கத்தில் ஒட்டும். ஆர்சனிக் பிஎம்எல் பக்கத்தில் ஒட்டி, அந்தப் புரதத்தை செல்லே சிதைத்துவிடும்படி செய்கிறது. மாத்திரைக்கு மசியாத நோய் இதற்கு அடங்கக் காரணம் அதுதான். ஏடிஆர்ஏ, கீமோ இரண்டுக்கும் பிறகு நோய் திரும்பியவர்களைப் பற்றி 1997இல் ஷாங்காய் மருத்துவர்கள் எழுதினார்கள்: ஆர்சனிக் மட்டும் பெற்ற 10 பேரில் 9 பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. 2000இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. சும்மா கிடைக்கும் பலன் இல்லை. இதயத் துடிப்பு தடம் மாறலாம் என்பதால் ஈசிஜியும் பொட்டாசியம் அளவும் பார்த்துக்கொண்டே ஊசி போடுவார்கள்.

அடுத்தது ஹோமோஹாரிங்டோனின். செஃபலோடாக்ஸஸ் என்ற ஊசியிலை மரத்திலிருந்து வந்தது. நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவில் இமாட்டினிப் போன்ற மாத்திரைகள் ஒரு குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டினால்தான் வேலை நடக்கும். அந்தப் புரதத்தில் டி315ஐ என்ற மாற்றம் வந்துவிட்டால் அவை ஒட்டவே முடியாது. இந்த மருந்து அந்தப் பக்கமே போகாமல், செல் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைத் தடுக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ அத்தகைய மாத்திரைகள் பலிக்காதவர்களுக்கு என்று 2012இல் எஃப்டிஏ அனுமதித்தது. ரத்த அணுக்கள் வெகுவாகக் குறையும். டி315ஐயையும் சமாளிக்கும் போனாட்டினிப் மாத்திரை அதே ஆண்டு வந்துவிட்டதால் இதற்கு மவுசு குறைவு.

ஒரு சீன மூலிகைச் செடியிலிருந்து வரும் டெட்ராண்ட்ரின் போகும் வழி வேறு. அது செல்லுக்குள் நுழைந்த கீமோவை வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் பம்பை அடைக்கிறது. ஆய்வகத்தில் அழகாக நடக்கிறது. ஆனால் அதே பம்ப் குடலிலும் கல்லீரலிலும் மூளையின் ரத்தக் குழாய்களிலும் இருக்கிறதே! அதை அடைத்தால் கீமோ உடம்பிலேயே தேங்கி, நல்ல செல்களையும் சேர்த்து வாட்டும். வெராபமில், வால்ஸ்போடார் என்று இதே வழியில் போன நவீன மருந்துகளும் கரை சேரவில்லை. பம்பை அடைப்பதற்கென்று எஃப்டிஏ அனுமதித்த புற்றுநோய் மருந்து ஒன்றுகூட இல்லை. மூலிகையாக வாங்கினால் இன்னொரு வம்பு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மாத்திரையில் டெட்ராண்ட்ரின் தரும் செடிக்குப் பதிலாக, சீனப் பெயர் ஒத்த அரிஸ்டலோக்கியா என்ற வேறொரு செடி கலந்துவிட்டது. பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது; சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

பெர்பெரின் கடைசி. நம்மூர் மரமஞ்சளிலும் இருக்கும் அதே பொருள்தான். வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் மிகச் சொற்பமே சேர்கிறது. அப்புறம், மேலே சொன்ன பம்ப் பெர்பெரினையே குடலுக்குள் திருப்பித் தள்ளிவிடும்! ஆய்வகத் தட்டில் ஊற்றும் செறிவு ரத்தத்தில் எட்டாது.

சரி, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கான போர்டெசோமிப் மருந்தோடு பச்சைத் தேநீரில் உள்ள ஈஜிசிஜி என்ற பொருள் நேரடியாக ஒட்டிக்கொண்டு, எலிகளில் அந்த மருந்தின் வேலையையே நிறுத்திவிட்டதாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. கேப்ஸ்யூல், கஷாயம் எதுவானாலும் கீமோ கொடுக்கும் டாக்டரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.