“அரிச்சல்முனைக்கு பஸ் கிடையாது” என்று சொன்னால் நம்பாதீர்கள்

ராமேஸ்வரம் போகிறவர்கள், குறிப்பாக வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு தனுஷ்கோடியையும் அதன் கடைசி முனையான அரிச்சல்முனையையும் பார்க்கக் கிளம்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் எங்களுக்கு நடந்தது.

பாம்பன் தீவின் கடற்கரையை அரசு பஸ்ஸிலேயே பார்த்துவிடலாம் என்றுதான் அம்மாவோடு கிளம்பினோம். பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், அதற்கு ஈடு எந்தக் காரும் கிடையாது. அவ்வளவு உயரத்திலிருந்து பக்கத்து ரயில் பாலமும் கீழே படகுகளும் முழுசாகத் தெரியும். பஸ் நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போக டவுன் பஸ் இருக்கிறது. அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

அக்னி தீர்த்தம் பக்கம் வந்து தனுஷ்கோடி பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்தோம். உடனே ஒரு ஆட்டோக்காரர் வந்துவிட்டார். “பஸ்ஸு பாதியிலேயே திரும்பிரும் சார். முகுந்தராயர் சத்திரத்துக்கு அங்கிட்டு வேன்தான். அம்மாவ வச்சுக்கிட்டு மணல்ல அலையப் போறீகளா?”

இந்தப் பேச்சு ஏன் எடுபடுகிறது தெரியுமா? ஒரு காலத்தில் அது உண்மை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபிறகு அங்கே சாலையே கிடையாது. பஸ்ஸில் வந்தவர்கள் முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, வேனிலோ ஜீப்பிலோ மணலில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். அம்மா அந்தக் காலத்தில் ஒரு முறை வந்து, பாதியிலேயே திரும்பியவர். அதனால் அவரே “ஆமாப்பா, அப்படித்தான்” என்றார். ஆனால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை 2017-லேயே திறந்தாகிவிட்டது. அரசு பஸ்ஸும் முனை வரை போகிறது. பழைய ஆட்களின் நினைவை வைத்தே ஏமாற்றுகிறார்கள். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

அந்த ஆட்டோக்காரர் பேச்சை நம்பி, ஆயிரம் ரூபாய், அரிச்சல்முனை வரை, காத்திருப்பும் சேர்த்து என்று பேசி ஏறினோம். நேராகப் போகவில்லை. முதலில் மிதக்கும் கல் காட்டும் இடம், அப்புறம் ஒரு சங்குக் கடை. “சும்மா பாருங்க, வாங்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு ஆள் எங்கோ போய்விட்டார். கடைக்காரர் விடுவதாக இல்லை. கோதண்டராமர் கோயிலில் மட்டும் ஐந்து நிமிடத்தில் வரச் சொல்லி ஆட்டோக்காரர் அவசரப்படுத்தினார். தனுஷ்கோடிக்குள் சாயங்காலத்துக்குமேல் போலீஸ் விடுவதில்லை. பொழுதை எங்கே கழிக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இடிந்த சர்ச் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, “இதான் தனுஷ்கோடி, இறங்குங்க” என்றார். முனைக்குப் போகவேண்டுமே என்றதற்கு, நேரமாகிவிட்டது, இதற்குமேல் ஆட்டோவை விடமாட்டார்கள், வேண்டுமானால் முந்நூறு கூடக் கொடுங்கள், பேசிப் பார்க்கிறேன் என்றார். விடமாட்டார்கள் என்கிற இடத்துக்கு முந்நூறு கொடுத்தால் எப்படிப் போக முடியும்?

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கூட்டம் நிறைந்த அரசு பஸ் ஒன்று எங்களைத் தாண்டி முனைப் பக்கம் போனது. கையைக் காட்டினேன், கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். ஆட்டோக்காரர் முழுப் பணமும் கேட்டு வழியை மறித்தார். பாதியைக் கொடுத்துவிட்டு, வண்டி நம்பரைப் படம் எடுத்தேன். உடனே குரல் இறங்கிவிட்டது. கண்டக்டர் கீழே இறங்கி வந்து, “நீங்க ஏறுங்கம்மா” என்று அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். எழுந்து இடம் கொடுத்தவர் மீன்கூடையோடு வந்த ஒரு அக்கா.

முனையில் அம்மா நின்றதை நான் மறக்கமாட்டேன். ஒரு பக்கம் பெண் கடல் என்று அங்கே சொல்லும் அலையே இல்லாத கடல், மறுபக்கம் ஆண் கடல் என்று சொல்லும் கடல் அடித்துக்கொண்டிருந்தது. சர்ச்சோடு திரும்பியிருந்தால் இதைப் பார்க்காமலே ஊர் வந்திருப்பார்.

எல்லா ஆட்டோக்காரர்களையும் சொல்லவில்லை. மறுநாள் ராமர் பாதத்துக்குக் கூட்டிப்போனவர் பேசிய காசுக்குமேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் காலையிலேயே கிளம்புங்கள். பஸ் நேரத்தைப் பஸ் நிலையத்தில் டைம் கீப்பரிடம் கேளுங்கள், தெருவில் வந்து பேசுகிறவரிடம் வேண்டாம். ஏறும்போதே “அரிச்சல்முனை வரை போகுமா, திரும்பும் கடைசி வண்டி எப்போது” என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஆட்டோதான் வசதி என்றால், “அரிச்சல்முனை ரவுண்டானா வரை, கடை எதுவும் வேண்டாம்” என்று சொல்லி, ஏறுவதற்கு முன்பே நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகராறு செய்தால் வழியில் இருக்கும் போலீஸ் சோதனைச் சாவடியில் நிறுத்தச் சொல்லுங்கள். நான் நம்பரோடு புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.