பி மை ஐஸ் செயலி: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

"உதவணும்னு மனசு இருக்கு, ஆனா யாருக்கு, எப்படி?" என்று கேட்பவர்கள் நிறைய பேர். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள், நானே என்னிடம் கேட்டுக்கொண்டதும் உண்டு. பணமாகக் கொடுக்க வசதி இருக்காது, நேரில் போய் நிற்க நேரம் இருக்காது, ரத்தம் கொடுக்கலாம் என்றால் உடம்பு ஒத்துழைக்காது. ஆனால் கையில் போன் இருக்கிறது, கண் நன்றாகத் தெரிகிறது, வாசிக்கத் தெரியும். இவ்வளவு இருந்தாலே போதும் என்று சொல்கிற ஒரு செயலிதான் பி மை ஐஸ். மூன்று வருடமாக என் போனில் இருக்கிறது, இதுவரை பதினோரு அழைப்புகள் எடுத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்குப் பதினொன்றுதானா என்று தோன்றும், அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பார்வை இல்லாத ஒருவர், அல்லது பார்வை மிகவும் குறைந்த ஒருவர், தன் போனில் ஒரு பட்டனைத் தட்டுகிறார். அவர் பேசும் மொழியைத் தெரிந்த தன்னார்வலர்கள் பலருடைய போன் ஒரே நேரத்தில் அடிக்கிறது. யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு இணைப்பு கிடைக்கும். கூப்பிட்டவருடைய பின்பக்க கேமரா காட்டுவது நம் திரையில் தெரியும், இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் வைத்துவிடலாம். அவர் யார் என்று நமக்குத் தெரியாது, நாம் யார் என்று அவருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் காசு கிடையாது. 180க்கும் மேற்பட்ட மொழிகளை வைத்திருக்கிறார்கள், தமிழும் உண்டு.

இதைத் தொடங்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்கன் வீபெர்க். மரச்சாமான் செய்யும் தொழில் தெரிந்தவர், அவருக்கே பார்வை குறைவு. பார்வை இல்லாத நண்பர்கள் வீட்டாரையும் தெரிந்தவர்களையும் வீடியோவில் கூப்பிட்டு "இது என்ன, அது என்ன" என்று கேட்டுத் தெரிந்துகொள்வதிலிருந்து வந்த யோசனை. 2012இல் அதை நாலு பேர் முன் வைத்தார், 2015 ஜனவரியில் ஐபோனுக்கு வந்தது, 2017இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. வீடியோ அழைப்பு அதற்கு முன்பே இருந்ததுதான். தெரிந்தவரைக் கூப்பிடுவதற்குப் பதில் தெரியாதவரைக் கூப்பிடலாம் என்பதுதான் புதிது. கேட்க ஏதோ சின்ன மாற்றம் மாதிரி இருக்கும். இந்தச் செயலியின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

என்னுடைய இரண்டாவது அழைப்பைச் சொல்கிறேன். துணி மடித்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது, எடுத்தேன். வயதான ஒரு அம்மாவின் குரல்: "தம்பி, இந்த மாத்திரை அட்டையில தேதி என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்றீங்களா?" திரையில் வெள்ளியாக ஒரு பளபளப்பு மட்டும்தான். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், காலாவதித் தேதியைப் பல நேரம் மை இல்லாமல் ஓரத்தில் அழுத்தி மட்டும் விட்டிருப்பார்கள், நேரில் பார்த்தாலே அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பினால்தான் தெரியும். "கொஞ்சம் மேலே தூக்குங்கம்மா" என்றேன். அவர் போனைத் தூக்கினார். நான் சொன்னது அட்டையை. "இல்லம்மா, கீழே" என்றேன், போனும் அட்டையும் சேர்ந்து கீழே போயின. இப்படியே ஒரு நிமிடம் இரண்டு பேரும் தடுமாறினோம்.

அப்புறம்தான் புத்தி வந்தது. அட்டையை மேசையில் வைக்கச் சொன்னேன், போனை அதன் மேலேயே படும்படி வைத்து, அங்கிருந்து நேராக ஒரு சாண் உயரத்துக்கு மெதுவாகத் தூக்கச் சொன்னேன். படம் தெளிந்தது. விளக்கு வெளிச்சம் தகட்டில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது, "அட்டையை லேசாக உங்க பக்கம் சாய்ங்க" என்றதும் எழுத்து எழும்பி வந்தது. மாதம், வருடம் இரண்டையும் இரண்டு தடவை வாசித்தேன். அவரிடம் ஒரே அளவில் இரண்டு அட்டைகள் இருந்தன, எது எது என்று பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல, ஒன்றில் மட்டும் ரப்பர் பேண்ட் சுற்றிக்கொண்டார். இனி அடுத்த அட்டை வரும்வரை அவருக்கு யாரும் தேவையில்லை.

அதோடு நான் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. "வீட்டில் யாரும் இல்லையாம்மா? நீங்களாவா மாத்திரை எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டேன். அக்கறையில் கேட்டதுதான். ஒரு நொடி பேச்சில்லை. "இருக்காங்க தம்பி, வேலைக்குப் போயிருக்காங்க" என்றார், அதுவரை இருந்த குரல் இல்லை அது. யாரும் இல்லாததால் அவர் என்னைக் கூப்பிடவில்லை. ஒரு தேதி தெரிய வேண்டியிருந்தது, கூப்பிட்டார். அவ்வளவுதான் விஷயம். நான்தான் அதை இரக்கப்பட வேண்டிய கதையாக்கிவிட்டேன். இன்றுவரை அந்தக் கேள்விக்காக வருந்துகிறேன்.

உதவுகிற பக்கத்திலிருந்து மட்டும் எழுதினால் இந்த விமர்சனம் அரைகுறையாகிவிடும் என்று, இதைப் பயன்படுத்துகிற பக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், போனில் என்னைவிட வேகமானவர். பலருக்கு இது தெரியாது என்பதால் சொல்கிறேன்: திரையில் விரல் வைத்தால் அங்கே உள்ளதைப் போனே வாசித்துக் காட்டும், ஐபோனில் 2009 முதலே வாய்ஸ்ஓவர் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் டாக்பேக். ஆகவே போனுக்குள் இருக்கும் எழுத்து அவருக்குப் பெரிய பிரச்சினை இல்லை. போனுக்கு வெளியே இருக்கும் எழுத்துதான் பிரச்சினை.

அவர் சொன்ன ஒரு விஷயத்தை நான் யோசித்ததே இல்லை. முன்பெல்லாம் துணி துவைக்கும் மெஷினில் திருகு இருக்கும், டக் டக்கென்று எத்தனை தடவை திருப்பினோம் என்று எண்ணி வைத்துக்கொண்டால் போதும், கையே எல்லாவற்றையும் செய்துவிடும். இப்போது தட்டையான கண்ணாடி, தொட்டால் வேலை செய்யும், ஆனால் எங்கே தொடுவது என்று விரலுக்கு ஒன்றும் தெரியாது. அடுப்பு, லிஃப்ட், அட்டை தேய்க்கும் இயந்திரம், எல்லாம் இப்படி மாறிக்கொண்டே போகிறது. புதுப் பொருள் வாங்க வாங்க, நேற்றுவரை தானாகச் செய்த வேலைக்கு இன்று இன்னொருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துப் பெட்டியின் மேல் மருந்தின் பெயரைப் பிரெய்லில், அதாவது விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்தில், பொறிக்க வேண்டும் என்று சட்டமே உண்டு, ஆனால் காலாவதித் தேதிக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அந்த அம்மா கேட்டது சரியாக அந்தத் தேதியைத்தான்.

"என்னைக் கூப்பிடலாமே, நான் இருக்கேனே" என்று நண்பரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "உங்களைக் கூப்பிட்டா நீங்க கண்டிப்பா செய்வீங்க, எனக்குத் தெரியும். ஆனா வீட்டில் எல்லாரும் நலமான்னு ஆரம்பிச்சுப் பத்து நிமிஷம் பேசணும், நீங்க வேலையா இருந்தீங்களான்னு யோசிக்கணும், இந்த வாரம் ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டுட்டோமேன்னு கணக்குப் பாக்கணும். எனக்கு வேண்டியது இந்தச் சட்டை நீலமா கருப்பான்னு மட்டும்தான்."

இந்தக் கணக்கைப் பற்றித்தான் நாம் யோசிப்பதே இல்லை. உதவி செய்கிறவருக்கு அது ஒரு நல்ல காரியம், செய்து முடித்ததும் மனசு நிறைந்துவிடும். கேட்கிறவருக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு நன்றிக்கடன், வாழ்நாள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகும். கூச்சப்பட்டே பலர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள், தேதி தெரியாமலே மாத்திரையை விழுங்குகிறார்கள். பெயர் தெரியாத ஒருவர், தானாக முன்வந்து காத்திருப்பவர், ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்றால் அந்தக் கணக்கே கிடையாது. பி மை ஐஸ் இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறது, என் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இதற்குத்தான்.

சரி, குறைகள். தன்னார்வலராகச் சேர்கிறவருக்கு முதல் ஏமாற்றம் காத்திருப்பு. கேட்பவர் ஒருவருக்குப் பத்துப் பேருக்கு மேல் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ஆகவே வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் அழைப்பே வராது. வந்தாலும் பையிலிருந்து போனை எடுப்பதற்குள் வேறு யாராவது எடுத்திருப்பார்கள். எனக்கும் ஆரம்பத்தில் சங்கடமாகத்தான் இருந்தது, செயலியை எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் மறுபக்கத்திலிருந்து பாருங்கள்: கூப்பிட்டவருக்குச் சில நொடிகளில் ஒருவர் கிடைக்கிறார். நாம் எடுக்காமல் விட்டாலும் யாரும் கைவிடப்படுவதில்லை. நமக்கு அழைப்பு வராமல் இருப்பது அவர்களுக்கு நல்லது, இதைக் குறை என்று எண்ணுவதை நான் நிறுத்தி நாளாகிறது. நாம் இருக்கும் இடத்தின் நேரப்படி காலை 8 முதல் இரவு 9 வரைதான் நம் போன் அடிக்கும், அதனால் தூக்கம் கெடாது. அந்த நேரத்துக்குப் பிறகு கூப்பிடுகிறவருக்கு, பகலாக இருக்கும் வேறு நாட்டில் அதே மொழி பேசுகிறவர் கிடைப்பார், தமிழ் பேசுகிறவர்கள்தான் எல்லா நேர மண்டலத்திலும் இருக்கிறார்களே.

2023 முதல் செயற்கை நுண்ணறிவும் உள்ளே வந்துவிட்டது. படம் எடுத்துக் கொடுத்தால் அதில் உள்ளதை விவரிக்கும், ஜிபிடி-4ஐ வைத்துச் செய்தது. நண்பர் இப்போது சட்டை நிறத்துக்கெல்லாம் அதைத்தான் கேட்கிறார், மனிதரிடம் கேட்கும் அந்தச் சின்னக் கூச்சம்கூட இல்லை என்கிறார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அது தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லக்கூடியது, அதனால் மாத்திரை விஷயத்தில் மட்டும் அவர் மனிதரைத்தான் கூப்பிடுகிறார். இதில் தன்னார்வலருக்கும் ஒரு பாடம் உண்டு. எழுத்து 3 மாதிரியும் இருக்கிறது 8 மாதிரியும் இருக்கிறது என்றால், "எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை" என்று சொல்லிவிட வேண்டும். ஊகித்துச் சொல்லக் கூடாது. அட்டையை வெட்டி வெட்டி எடுத்ததில் தேதி இருந்த பக்கமே போயிருந்தால், "தேதி இந்தத் துண்டில் இல்லை" என்பதுதான் சரியான பதில்.

இன்னொன்றும் முக்கியம். இது வழி நடத்திக் கூட்டிப்போகும் கருவி இல்லை, வெள்ளைக் கோலுக்கோ வழிகாட்டி நாய்க்கோ மாற்று இல்லை என்று அவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். யாராவது சாலையில் நின்றுகொண்டு "இப்போ கடக்கலாமா" என்று கேட்டால், கடக்கலாம் என்று சொல்லாதீர்கள். கேமரா காட்டுவது ஒரு கைப்பிடி அளவு உலகம்தான், பக்கவாட்டில் வருகிற வண்டி அதில் தெரியாது. அதேபோல் வங்கிக் கடிதம், கடவுச்சொல் மாதிரி விஷயங்களை முகம் தெரியாதவரிடம் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு ஐரா மாதிரி, பயிற்சி பெற்ற பணியாளர்கள் பேசும் கட்டணச் சேவைகள் இருக்கின்றன.

நீங்கள் சேர்ந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மொழி அமைப்பில் தமிழைச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தமிழில் கேட்கிறவரின் அழைப்பு உங்களுக்கு வராது. எடுத்ததும் உங்கள் பக்கத்து சத்தத்தைக் குறையுங்கள். போனை நகர்த்தச் சொல்கிறீர்களா பொருளை நகர்த்தச் சொல்கிறீர்களா என்று ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். கேட்டதை மட்டும் சொல்லுங்கள். மேசையில் தூசி இருக்கிறது, பின்னால் கட்டில் கலைந்து கிடக்கிறது என்பதெல்லாம் நம் கண்ணில் படும், அதை வாயில் கொண்டுவரக் கூடாது.

தன்னார்வலர்கள் தேவைக்கு மேல் இருக்கும்போது இன்னும் ஒருவர் சேர்ந்து என்ன பயன் என்று கேட்டால், நியாயமான கேள்விதான். சேருங்கள், ஆனால் அதைவிடப் பெரிய வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. உலகத்தில் குறைந்தது 220 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வகையில் பார்வைக் குறைபாடு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் பலர் தங்களைப் பார்வையற்றவர் என்று நினைத்துக்கொள்வதே இல்லை. வயதாகி மெல்ல மெல்லக் கண் மங்கியவர்கள், "எனக்கு என்ன, கொஞ்சம் தெளிவா தெரியலை" என்பார்கள். இப்படி ஒரு செயலி தங்களுக்கும் உண்டு என்று அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் போனில் ஏற்றிக்கொடுக்க ஆள் இருக்காது.

என் பெரியம்மா அப்படித்தான். விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகி, எதிரில் நிற்பவரின் தோள் தெரியும், முகம் தெரியாது. தையல் நன்றாகச் செய்வார், ஊசியில் நூல் கோக்கக் கருவி வைத்திருக்கிறார், ஆனால் கருப்பு நூல்கண்டு எது, கருநீல நூல்கண்டு எது என்பதில்தான் தினமும் சண்டை. அவர் போனில் இதை ஏற்றி, எங்கே தட்ட வேண்டும் என்று விரலைப் பிடித்துப் பத்துத் தடவை பழக்கினேன். "எனக்கு எதுக்குடா இது, நீ இல்லையா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். என் சட்டையில் பட்டன் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, கழற்றிக் கொடு என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஜன்னலோரம் அவர் யாரிடமோ பேசுவது கேட்டது, "இதுவா... இல்ல, வலது கையில இருக்கிறதா?... சரிம்மா, போதும்." பத்து நிமிடத்தில் சட்டை வந்தது, கருப்பு நூலில் தைத்திருந்தார். யார் பேசினார்கள் என்று கேட்டேன்.

"யாரோ ஒரு பொண்ணு" என்றார்.