லைட்னிங் நோட் அப்கிரேட் பண்ணித் தரேன்னு வர்றவங்ககிட்ட உஷார், பழைய ஸ்னாப்ஷாட்டைப் போட்டு என் சேனலை காலி பண்ணிட்டாங்க

பிட்காயினை வேகமா, கம்மி ஃபீல அனுப்பற லைட்னிங் நெட்வொர்க்ல சொந்தமா நோட் (அதுக்கான சர்வர்) ஓட்டுறவங்க, அதுலயும் எல்என்டின்ற சாஃப்ட்வேர் வெச்சிருக்கறவங்க, இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. டெலிகிராம்ல "வெர்ஷன் அப்கிரேட், சேனல் பேலன்ஸ், மெயின்டனன்ஸ் எல்லாம் நாங்க பாத்துக்கறோம், மாசாமாசம் ஒரு சின்ன அமவுண்ட்"னு ஒரு டீம் சுத்திட்டு இருக்கு. பேரு போடல, போட்டா நாளைக்கே வேற பேர்ல வந்து நிப்பாங்க. அவங்க வேலை செஞ்ச விதத்தை சொல்றேன், அதை வெச்சு நீங்களே கண்டுபிடிச்சுக்கங்க.

என்னோடது சின்ன நோட்தான், வாடகை விபிஎஸ்ல (ஆன்லைன் சர்வர்) ஓடுது, கொஞ்சம் சேனல் (இன்னொரு நோடோட பிட்காயினைப் பூட்டி வெச்சு திறக்கற பேமென்ட் வழி), மத்தவங்க பேமென்ட் நம்ம வழியா போனா வர்ற ரூட்டிங் ஃபீன்னு டீக்காசு தேறும். எல்என்டி 0.17ல இருந்தேன். 2025 மார்ச்ல மேட் மோர்ஹவுஸ்னு ஒருத்தர் எல்என்டில இருந்த ஒரு ஓட்டையை வெளிய சொன்னாரு, சேனல் ஃபோர்ஸ் க்ளோஸ் (ஒரு பக்கம் மட்டும் முடிவு பண்ணி சேனலை பிளாக்செயின்ல மூடுறது) ஆகுற நேரத்துல திருப்பி அனுப்பக் கூடாத பேமென்டையும் சாஃப்ட்வேர் திருப்பி அனுப்பிரும், அதை வெச்சு நோட் ஓனர் காசை உருவலாம், 0.17.5 வரைக்கும் எல்லாத்துலயும் இருந்துச்சு, 0.18லதான் சரி பண்ணாங்க. அதாவது அப்கிரேட் அவசரம்ன்றது நிஜம். இவங்க பொழப்பே இதுலதான் ஓடுது, நிஜமான ஓட்டையை சொல்லி பயமுறுத்தி உள்ள வர்றது. "ப்ரோ உங்க வெர்ஷன் டேஞ்சர்ல இருக்கு, ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தரேன், டாப்ரூட்ன்ற புது டைப் சேனல் கூட எனேபிள் பண்ணி விடுறேன்"னு அந்த டீம் ஆள் ஒருத்தர் நல்லா தமிழ்லயே பேசினாரு. விஷயம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. சர்வர் லாகினும் அட்மின் மக்கரூனும் (எல்என்டியை முழுசா கன்ட்ரோல் பண்ற சாவி ஃபைல்) இல்லாம மெயின்டனன்ஸ் பண்ண முடியாதுன்னாரு.

அப்கிரேட் பண்றதுக்கு முன்னாடி விபிஎஸ்ல ஒரு ஸ்னாப்ஷாட் (மொத்த சர்வரோட அந்த நேரத்து காப்பி) எடுத்தாரு, அப்பறம் 0.19 போட்டாரு, நோட் நல்லா எழுந்து வந்துச்சு, சேனல் எல்லாம் ஆக்டிவ். ஒரு வாரம் போல ஒழுங்கா ஓடுச்சு, பேமென்ட் நிறைய வழியா போச்சு. இந்த ஒரு வாரம்தான் முக்கியம், ஞாபகம் வெச்சுக்கங்க.

அதுக்கப்பறம் நடந்தது எனக்கு லாக் பாத்துதான் தெரியும், ஏன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவங்க கஸ்டமர் எல்லாரையும் ஒரே இடத்துல பாக்க ஒரு டாஷ்போர்டு வெச்சிருக்காங்க போல, அது புது வெர்ஷனோட ஒத்துப்போகல. உடனே பழைய 0.17 சாஃப்ட்வேர் ஃபைலை எடுத்துப் போட்டிருக்காங்க. எல்என்டி ஸ்டார்ட்டே ஆகல, டேட்டாபேஸ் ஒருதடவை புது வெர்ஷனுக்கு மைக்ரேட் ஆயிருச்சுன்னா பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியாதுன்னு எரர் அடிச்சு நின்னுருச்சு. லாக்ல திரும்பத் திரும்ப அதே வரி. அந்த எரர் சும்மா வைக்கல, நம்மளைக் காப்பாத்தத்தான் வெச்சிருக்காங்க. இந்த புண்ணியவான் என்ன பண்ணாருன்னா, அப்கிரேடுக்கு முன்னாடி எடுத்த அந்த ஸ்னாப்ஷாட்டை அப்படியே ரீஸ்டோர் பண்ணிட்டாரு. ஒரு வாரத்துக்கு முந்தின சேனல் டேட்டாபேஸ்!

புதுசா வந்தவங்களுக்கு இது ஏன் இவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லிடறேன். வேர்ட்பிரஸ் சைட்டை பேக்கப்ல இருந்து எடுத்துப் போட்டா நாலு போஸ்ட் போகும், அவ்ளோதான். லைட்னிங் சேனல் அப்படி இல்ல. ரெண்டு பேர் சேர்ந்து ஒரு கணக்குச் சீட்டு வெச்சிருக்கீங்க, ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் புதுச் சீட்டு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு பழைய சீட்டை செல்லாதுன்னு ஆக்கிடறீங்க, செல்லாத சீட்டை யாராச்சும் பிளாக்செயின்ல நீட்டுனா எதிர்ல இருக்கறவருக்கு மொத்த காசும் போயிரும். ஜோசப் பூனும் தாடியஸ் டிரைஜாவும் எழுதின ஒரிஜினல் டிசைன்லயே இந்தத் தண்டனை இருக்கு, இது இல்லன்னா லைட்னிங்கே நிக்காது. அதனாலதான் பழைய சேனல் டிபியை ரீஸ்டோர் பண்ணவே பண்ணாதீங்கன்னு எல்என்டி டாகுமென்ட்லயே எச்சரிக்கை இருக்கு. காசு வாங்கிட்டு நோட் பாத்துக்கறவனுக்கு முதல்ல தெரிய வேண்டியது இதுதான்.

இதுக்கப்பறமும் தப்பிக்க வழி இருந்துச்சுன்றதுதான் வயிறு எரியுது. ஆன்லைன்ல இருந்த பீர் நோடுங்களோட (சேனல்ல எதிர்ப்பக்கம் இருக்கற நோடுங்க) கனெக்ட் ஆனப்ப, நம்ம டேட்டா பின்னாடி இருக்குன்றதை ரெண்டு பக்கமும் கண்டுபிடிச்சு, அவங்க நோடே லேட்டஸ்ட் கணக்குப்படி ஃபோர்ஸ் க்ளோஸ் பண்ணிருச்சு. அந்தக் காசு ஒழுங்கா வாலட்டுக்கு வந்துருச்சு, சேனல் போச்சு, ஆன்செயின் ஃபீ போச்சு, அவ்ளோதான். ஆனா ரெண்டு பீர் அந்த நேரத்துல ஆஃப்லைன். கையைக் கட்டிட்டு அவங்க வர்ற வரைக்கும் காத்திருந்தா அதுவும் இதே மாதிரி முடிஞ்சிருக்கும். இவர் பொறுக்காம அந்த ரெண்டு சேனலையும் நம்ம பக்கத்துல இருந்தே ஃபோர்ஸ் க்ளோஸ் அடிச்சுட்டாரு, கமாண்ட் ஹிஸ்டரில அப்படியே இருக்கு. செல்லாத சீட்டு பிளாக்செயினுக்குப் போயிருச்சு.

நம்ம பக்கத்துல இருந்து ஃபோர்ஸ் க்ளோஸ் பண்ணா நம்ம காசு உடனே வராது, சேனல் சைஸைப் பொறுத்து 144 பிளாக்ல இருந்து 2016 பிளாக் வரைக்கும், அதாவது ஏறக்குறைய ஒரு நாள்ல இருந்து ரெண்டு வாரம் வரைக்கும் எல்என்டில லாக் ஆகி நிக்கும். அந்த டைம் எதுக்குன்னா எதிர்பார்ட்டி வந்து பாத்து "இது பழைய கணக்கு"ன்னு சொல்றதுக்குத்தான். வந்தாங்க. சொன்னாங்க. ரெண்டு சேனலும் காலி. அதுல ஒரு சேனல்ல கொடுமை என்னன்னா, அந்த பழைய கணக்குப்படி எனக்கு வர வேண்டியது லேட்டஸ்ட் கணக்கை விட கம்மி! யாராச்சும் தனக்கே நஷ்டம் வர்ற மாதிரி ஏமாத்துவாங்களா? ஆனா சாஃப்ட்வேர் அதெல்லாம் பாக்காது, செல்லாத சீட்டுன்னா மொத்தமா எடுத்துக்கும், அவ்ளோதான்.

கேட்டதுக்கு வந்த பதில், "ப்ரோ அது நெட்வொர்க் ஃபீ ப்ரோ, இப்ப மெம்பூல் ஹையா இருக்குல்ல", அதாவது பிளாக்செயின்ல ஏறக் காத்திருக்கற கூட்டத்தால ஃபீ ஏறிருச்சாம். நான் டிரான்ஸாக்‌ஷனை எக்ஸ்ப்ளோரர்ல திறந்து பாத்தேன். ஃபோர்ஸ் க்ளோஸ் டிரான்ஸாக்‌ஷன்ல ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா போக வேண்டிய அவுட்புட், அடுத்த டிரான்ஸாக்‌ஷன்ல ரெண்டும் ஒண்ணா சேர்ந்து ஒரே அட்ரஸுக்குப் போகுது, மைனருக்குப் போன ஃபீ பக்கத்துலயே சின்னதா போட்டிருக்கு, என் இன்புட் மேல ரிவோக்டுன்னு லேபிளே ஒட்டியிருக்கு. ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். ரெண்டு டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.

அப்பறம் அதே டீம்ல இருந்து வேற ஒருத்தர் வந்து "ரெகவரி பண்ணலாம் சார், உங்க 24 வார்த்தை சீட் அனுப்புங்க, ரெகவரி சார்ஜ் தனி"ன்னாரு. ப்ரோ இப்ப சார் ஆயாச்சு. இதை நல்லா கேட்டுக்கங்க, பெனால்டில போன காசை எந்த 24 வார்த்தை சீடும் (வாலட்டோட மூல சாவி) திருப்பிக் கொண்டு வராது, அது இப்ப எதிர்பார்ட்டியோட வாலட்ல இருக்கு. 24 வார்த்தை கேக்கறான்னா மிச்சம் இருக்கற ஆன்செயின் காசுக்குத்தான் குறி. நான் அந்த நிமிஷமே மக்கரூன் கீயை மாத்தி, சர்வர் பாஸ்வேர்டு மாத்தி, மிச்ச பேலன்ஸை வேற வாலட்டுக்கு அனுப்பிட்டேன்.

எதிர்பார்ட்டிங்க மேல எனக்குக் கோபம் இல்ல, அவங்க நோட் தூக்கத்துலயே செஞ்ச வேலை அது. ஒருத்தரோட கான்டாக்ட் நோட் பேஜ்ல இருந்துச்சு, நடந்ததை எழுதினேன், லாகை செக் பண்ணிட்டு ஃபீ கழிச்சு என் பங்கை அனுப்பிட்டாரு, முன்ன பின்ன தெரியாத மனுஷன். இன்னொரு நோடுக்கு பப்ளிக் கீயைத் தவிர ஒண்ணும் இல்ல, கீசெண்ட்ல (பப்ளிக் கீ மட்டும் வெச்சு பேமென்டோட மெசேஜ் அனுப்பற வழி) மெசேஜ் போட்டிருக்கேன், இதுவரைக்கும் சத்தம் இல்ல.

இதைப் படிச்சுட்டு அப்கிரேடே வேணாம்னு உக்காந்துறாதீங்க. 2022 அக்டோபர்ல ஒருத்தர் 999 சாவில 998 கையெழுத்து போட்ட ஒரு டிரான்ஸாக்‌ஷனை அனுப்பி எல்என்டி நோடுங்களை பிளாக் சிங்க் ஆகாம நிறுத்தி வெச்சாரு, மறுமாசமே அதே ஆள் இன்னொண்ணும் விட்டாரு, அவசர ரிலீஸ் போடாதவங்க நோட் எல்லாம் குருடா நின்னுச்சு. 2019ல எல்என்டி, சி-லைட்னிங், எக்ளேர்னு மூணு லைட்னிங் சாஃப்ட்வேர்லயும் சேனல்ல காசே போடாம போட்ட மாதிரி காட்டி ஏமாத்துற ஓட்டை இருந்துச்சு. அதனால அப்டேட் போட்டுத்தான் ஆகணும், ஆனா நீங்களே போடுங்க, ரிலீஸோட வர்ற மேனிஃபெஸ்ட் ஃபைல்ல சிக்னேச்சர் வெரிஃபை பண்ணிட்டுப் போடுங்க, ரிலீஸ் நோட்ஸ்ல டேட்டாபேஸ் மைக்ரேஷன் இருக்கான்னு பாருங்க, இருந்தா திரும்பி வர்ற ரோடு இல்லன்னு நினைச்சுட்டு இறங்குங்க.

பேக்கப்னா சேனல் பேக்கப் ஃபைல் ஒண்ணுதான், 2019ல 0.6 வெர்ஷன்ல வந்தது, சேனல் திறக்கறப்பயும் மூடறப்பயும் தானா அப்டேட் ஆகும், அதை வேற மெஷினுக்கு தானா காப்பி ஆகுற மாதிரி வெச்சிருங்க. அது சேனலை உயிரோட திருப்பித் தராது, பீரைக் கேட்டு க்ளோஸ் பண்ண வெச்சு காசைத் தரும், சேனல்ல இருக்கற காசுக்கு 24 வார்த்தை சீட் மட்டும் பத்தாது, இதுவும் வேணும். வாட்ச்டவர் (நாம ஆஃப்லைன்ல இருக்கறப்ப சேனலை கண்காணிக்கற சர்வர்) வெச்சிருக்கேன்னு தைரியமா இருக்கறவங்களுக்கு, அது மத்தவங்க நம்மளை ஏமாத்துனா காப்பாத்தும், நாமளே பழசை அனுப்புனா எதிர்பார்ட்டியோட வாட்ச்டவர்தான் வேலை செய்யும்.

யாருக்காவது ஆக்சஸ் குடுத்தே ஆகணும்னா அட்மின் மக்கரூன் குடுக்காதீங்க, எல்என்டிலயே ரீட் ஒன்லி மக்கரூன் தனியா இருக்கு, பேக் மக்கரூன் கமாண்ட்ல வேணுங்கற பர்மிஷன் மட்டும் வெச்சு புதுசும் செய்யலாம். விபிஎஸ் கன்ட்ரோல் பேனல் லாகின் எக்காரணம் கொண்டும் வேணாம், ஸ்னாப்ஷாட் ரீஸ்டோர் பட்டன் அங்கதான் இருக்கு. ஏற்கனவே யாரோ பழைய ஸ்னாப்ஷாட் போட்டுட்டாங்கன்னு தெரிஞ்சா ஃபோர்ஸ் க்ளோஸ் மட்டும் அடிச்சுறாதீங்க, எல்என்டியை நிறுத்திட்டு, சேனல் பேக்கப் ஃபைல் வழியா ரெகவரி பண்ணுங்க.

அவங்க டெலிகிராம் குரூப்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க. நண்பர் ஒருத்தர் இன்னும் உள்ள இருக்காரு, "உங்க வெர்ஷன் சேஃபா? இன்னைக்கே அப்கிரேட், ஸ்னாப்ஷாட் பேக்கப் ஃப்ரீ"ன்னு நேத்து கூட போஸ்ட் போட்டிருக்காங்களாம். உங்ககிட்ட யாராச்சும் ஸ்னாப்ஷாட் பேக்கப் ஃப்ரீன்னு வந்தா, அவங்களேதான்.