மூன்று வருட ஹோஸ், மூன்று முறையும் ஒரே கோடு

"அந்தப் பச்சை ஹோஸ் எப்படிடா, வாங்கலாமா?" என்று நண்பன் கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் அதன் முனையை மூன்றாவது முறையாக வெட்டி, கிளாம்ப் போட்டு முடித்திருந்தேன். சட்டை முழுக்க ஈரம்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நூல் பின்னல் இல்லாத சாதா பிவிசி ரகம். மூன்று வருட வெயிலில் நிறம் மங்கியதோடு சரி. இழுத்த இழுப்புக்கு வரும், முறுக்கிக்கொள்ளாது.

கோபமெல்லாம் குழாயடியில் வளையும் அந்த ஒரு சாண் மேல்தான். முதல் விரிசலுக்கு, தினமும் வளைத்து இழுத்த என்னையே நொந்துகொண்டேன். ஆனால் வளைவு மட்டும் காரணம் என்றால் குறுக்கே அல்லவா கிழிய வேண்டும்? இது நீளவாக்கில், ஸ்கேல் வைத்துக் கீறியது போல. மூன்று முறையும் அதே கோட்டில்.

பிளாஸ்டிக்கை உருக்கிக் குழாயாகத் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மெஷின் அருகே கொஞ்ச காலம் நின்றவன் நான்; அந்தக் கோடு தெரிந்த முகம். ஹோஸுக்கு வடிவம் தரும் அச்சான டையின் நடுவிலுள்ள உருளையைச் சில கால்கள் தாங்கி நிற்கும். உருகிய பிவிசி அவற்றில் பட்டுப் பிரிந்து, தாண்டியதும் மறுபடி ஒட்ட வேண்டும். சூடு போதாவிட்டாலோ, அவசரமாக ஓட்டினாலோ ஒட்டு அரைகுறைதான். புதிதில் கண்ணுக்குத் தெரியாது. குழாயைத் திறந்து மூடும்போதெல்லாம் ஹோஸின் சுவர் விரிந்து சுருங்குகிறது. வளைவில் முட்டை வடிவாக நசுங்குவது வேறு. இப்படி ஆயிரம் முறை ஆனால், பலவீனமான கோடு மயிரிழை மயிரிழையாகப் பிளக்கும்.

வெட்டிய துண்டின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகளும் தெரிந்தன. அளவைக் கூட்டும் ஃபில்லராகச் சுண்ணாம்புக்கல் தூள் சேர்ப்பது குற்றமில்லை, வழக்கம்தான். சில மைக்ரான் துகள்களாகப் பரவிவிட்டால் பெரிய தொந்தரவில்லை. கலக்காமல் கட்டி தட்டினால் விரிசல் அங்கேதான் பிறக்கும். அதற்காகச் சூட்டை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது, பிவிசி கருகி ஹைட்ரஜன் குளோரைடை விடும். மூக்கில் ஏறும் அந்த நெடியை ஒருமுறை பிடித்தவன் மறக்க மாட்டான்.

அக்கா வீட்டில் இதே ஹோஸ், என்னுடையதைவிடப் பழசு, ஒரு கீறல் இல்லை. கலவை ஒன்றாகவே இருக்கலாம். அன்றைக்கு மெஷின் ஓடிய விதம் வேறு போலிருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால் நல்ல ஹோஸ்தான். "வாங்காதே" என்று நண்பனுக்குப் பதில் போட்டுவிட்டு, சட்டையைப் பிழியப் போனேன்.