செக்ஸ்டன்ட்டுக்குத் துணையாக மலிவு டிஜிட்டல் வாட்ச்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

மதுரையிலிருந்து கப்பலுக்குப் போகும் டெக் கேடட் (கப்பல் அதிகாரிப் பயிற்சி) பிள்ளைகள் டவுன்ஹால் ரோட்டில் வாட்ச் வாங்கும்போது முதலில் கேட்பது, "இது டைம் கரெக்டா காட்டுமாண்ணே?" என்றுதான். அந்தக் கேள்விக்குக் கடையில் பதில் இல்லை. கேசியோ எஃப்-91டபிள்யூ, டபிள்யூ-800ஹெச், ஏஇ-1200டபிள்யூஹெச் மூன்றும் விலையில் வேறுபட்டாலும், துல்லியத்துக்கு நிறுவனம் தரும் வாக்கு ஒன்றே: மாதத்துக்கு 30 வினாடி கூடவோ குறையவோ. கூடுதல் பணம் தருவது தண்ணீர்த் தாக்குப்பிடிப்புக்கும், பேட்டரி ஆயுளுக்கும், இன்னொரு நாட்டு நேரத்தையும் சேர்த்து வைக்கும் 'இரண்டாவது நேர' வசதிக்கும்.

செக்ஸ்டன்ட் என்பது சூரியனோ நட்சத்திரமோ தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் கோணமானி. அளந்த நொடியின் சரியான நேரம் தெரிந்தால்தான் அதிலிருந்து கப்பல் நிற்கும் இடத்தைக் கணக்கிட முடியும். அப்படியானால் அந்த 30 வினாடி கடலில் எவ்வளவு? பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. 4 வினாடிக்கு 1 கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நிலநடுக்கோட்டில் 1 கலை என்றால் 1 கடல் மைல். 30 வினாடி தப்பினால் தீர்க்கரேகை ஏழரைக் கடல் மைல், ஏறக்குறைய 14 கிலோமீட்டர், தள்ளிப்போகும். பெரியார் நிலையத்தில் நிற்கிறவரைத் திருப்பரங்குன்றத்துக்கும் அப்பால் காட்டுகிற பிழை அது.

ஆனால் வாட்ச் தப்பாக ஓடுவதில் கெடுதல் இல்லை. தினமும் ஒரே அளவு தப்பினால் போதும். வாங்கியதும் ஒருமுறை சரியாக வைத்துவிட்டு, பிறகு வினாடியைத் தொடவே கூடாது. 30 நாள் கழித்து 12 வினாடி முந்தியிருந்தால் வீதம், அதாவது ஒரு நாளில் முந்தும் அல்லது பிந்தும் அளவு, நாளுக்கு +0.4 வினாடி. வைத்த நாளிலிருந்து 47ஆம் நாளில் அது 18.8 வினாடி முந்தியிருக்கும். திரையில் 02:41:37 என்றால் உண்மை நேரம் 02:41:18. இதைக் கழிக்க மறந்தால் கணக்கில் வரும் இடம் சுமார் 4.7 கலை மேற்கே போய்விடும். வாரம் ஒருமுறை போனைப் பார்த்து வாட்சைத் 'திருத்துகிற' பழக்கம்தான் இந்தக் கணக்கைக் கெடுக்கும். புளூடூத்தில் தானே திருத்திக்கொள்ளும் வாட்சுகளும் இதே காரணத்தால் இந்த வேலைக்கு ஒத்துவராது. ரேடியோ அலையில் நேரம் பிடிக்கும் ரகத்துக்கு நம் நாட்டில் ஒலிபரப்பு நிலையம் கிடையாது. அதற்குக் கூடுதல் காசு வீண்.

வீதம் மாறுவதற்குப் பெரிய காரணம் வெப்பம். உள்ளே இருப்பது வினாடிக்கு 32,768 முறை அதிரும், கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம். அது சுமார் 25 டிகிரியில் நிலையாக ஓடும்படி வெட்டப்பட்டது. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும், அதுவும் வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. 35 டிகிரியில் நாளுக்கு 0.3 வினாடி இழப்பு. 50 டிகிரியில் கிட்டத்தட்ட 1.9 வினாடி. கத்திரி வெயிலில் வண்டி டேங்க் கவரிலோ ஜன்னல் திட்டிலோ கிடந்த வாட்சின் வீதம் கையில் கட்டிய வாட்சோடு ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். பகலில் கையில், இரவில் தலைமாட்டில் என்றால் தினமும் அப்படியே இருக்க வேண்டும். கப்பலை ஓட்டும் அறையான, ஏசி ஓடும் பிரிட்ஜில் (bridge) அலமாரிக்குள் வைத்த வாட்ச் இன்னும் ஒழுங்காக ஓடும். மதுரையில் மே மாதம் எடுத்த வீதத்தைக் கப்பலில் அப்படியே போடக் கூடாது, அங்கே புதிதாக எடுக்க வேண்டும்.

ஒப்பிட எந்த நேரம்? ரேடியோ ஆப்பில் வரும் வானொலி 'பீப்' பல வினாடி பிந்தும். டிடிஹெச் டிவியும் அப்படியே. சிம் கார்டு வழியாகப் போனுக்கு வரும் நேரமும் ஒன்றிரண்டு வினாடி விலகலாம். இணையத்தில் சரியான நேரம் வாங்கும் என்டிபி முறையில் வினாடி காட்டும் ஆப், அல்லது ஜிபிஎஸ் நன்றாகப் பிடித்த கருவி நல்லது. ஜிபிஎஸ்ஸின் உள்நேரம் யூடிசியை (உலகப் பொது நேரம்) விட 18 வினாடி முந்தியது. நெடுநாள் அணைந்து கிடந்த கருவி அந்தத் திருத்தத்தை வாங்க 12 நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், காத்திருக்க வேண்டும். வாட்சையும் அந்த நேரத்தையும் பக்கத்தில் வைத்து இன்னொரு போனில் வீடியோ எடுத்தால், வினாடி மாறும் இடத்தை ஃபிரேம் ஃபிரேமாக எண்ணலாம். கண்ணால் பார்த்துச் சொல்வதை விட இது எவ்வளவோ மேல்.

இனி வாட்சுகள். எஃப்-91டபிள்யூ 1989 முதல் விற்பனையில் இருக்கும் மாடல், 21 கிராம், பேட்டரி சுமார் 7 ஆண்டு. குறை இரண்டு. விளக்கு இடது ஓரத்தில், வினாடி வலது பக்கம். அந்தி வேளையில் நட்சத்திரம் பிடிக்கும்போது எது தெரிய வேண்டுமோ அதுதான் இருட்டில் இருக்கும். இரண்டாவது நேரமும் இல்லை. இன்னொரு சில்லறை விஷயம்: அதற்கு ஆண்டு தெரியாது, பிப்ரவரி எப்போதும் 28 நாள்தான். டபிள்யூ-800ஹெச் 100 மீட்டர் தாக்குப்பிடிப்பு, 10 ஆண்டு பேட்டரி, இரண்டு நேரம் என்று இந்த வேலைக்கு அளந்து செய்தது போல இருக்கிறது. ஏஇ-1200 உலக நேரத்தில் யூடிசியை வைத்திருக்கிறது. ஆனால் திரையில் கூட்டம் அதிகம், அவசரத்தில் கண் தப்பான இடத்துக்குப் போகும். எந்த மாடலானாலும் கறுப்புத் திரையில் வெள்ளெழுத்து வேண்டாம். பார்க்க அழகு, அந்தியில் படிக்க முடியாது. எஃப்-91டபிள்யூவுக்கு நகல் ஏராளம். வலது பட்டனை மூன்று வினாடி அழுத்தினால் நிறுவனப் பெயர் வரும் என்பார்கள். சில நகல்களிலும் அது வந்துவிட்டதால் ரசீது கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

முதன்மை நேரத்தை யூடிசியில் வையுங்கள், இந்திய நேரம் இரண்டாவதாக இருக்கட்டும். வங்கக் கடலில் விடியலுக்கு முன் 5:10க்கு நட்சத்திரம் எடுத்தால் யூடிசியில் அது முந்தைய நாள் 23:40. ஐந்தரை மணி நேரத்தைச் சரியாகக் கழித்துவிட்டு, தேதியை மாற்ற மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நட்சத்திரக் கணக்கில் ஒரு நாள் மாறினால் ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது 60 கடல் மைல் வரை போச்சு. வினாடி வைக்கும்போது வினாடி எண் மினுக்கும் நிலையில் பட்டனை அழுத்தினால் 00 ஆகும்; 30க்கு மேல் இருந்தபோது அழுத்தினால் நிமிடமும் ஒன்று ஏறும். அதைக் கவனிக்காமல் ஒரு நிமிடம் தவறினால் 15 கலை.

எங்கள் பரிந்துரை இரண்டு வாட்ச். டபிள்யூ-800ஹெச்சைத் தாய்க் கடிகாரமாகத் தொடாமல் வைத்து, எஃப்-91டபிள்யூவின் ஸ்டாப்வாட்சை மட்டும் பயன்படுத்துங்கள். தாய் வாட்சில் முழு நிமிடம் விழும் நொடியில் ஸ்டாப்வாட்சைத் தொடங்குங்கள். சூரியன் தொடுவானத்தைத் தொட்டதும் இடது மேல் பட்டனால் ஸ்பிளிட். எண் உறைந்து நிற்கும், நிதானமாக எழுதிவிட்டு மறுபடி அழுத்தினால் ஓடும். நேரம் சொல்ல ஆள் தேவையில்லை. ஒரு மணி நேரத்தில் அந்த ஸ்டாப்வாட்ச் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மதுரையில் தொடுவானம் கிடையாது. மொட்டை மாடியில் தட்டில் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றி, சூரியனையும் அதன் பிம்பத்தையும் ஒன்றாக்கிப் பழகலாம். வரும் கோணத்தில் குறியீட்டுப் பிழையை (பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் செக்ஸ்டன்ட் காட்டும் வித்தியாசம்) திருத்திவிட்டுப் பாதியாக்க வேண்டும். செக்ஸ்டன்ட் 120 பாகைக்குச் சற்று மேல்தான் அளக்கும் என்பதால் 60 பாகைக்குக் கீழே சூரியன் இருக்கும் காலையும் மாலையும்தான் இதற்கு நேரம். அப்போது சூரியன் கிழக்கு மேற்கை ஒட்டி இருந்தால் உயரம் வினாடிக்குக் கால் கலை மாறும். வாட்ச் எவ்வளவு நல்லது என்று அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும்.

பேட்டரி மாற்றும்போது ரப்பர் வாஷரை எண்ணெய் தடவி ஒழுங்காகப் பள்ளத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். அது பிசகினால் 100 மீட்டர் எழுத்துக்கு மதிப்பில்லை. மாற்றிய பிறகு பழைய வீதம் செல்லாது. நோட்டில் புதுப் பக்கம், மறுபடியும் 30 நாள்.